ஒப்பந்தம் முடிந்த மறுநாள்



அரசும் தனியார் நிறுவனங்களும் கைகோத்துப் பள்ளிக்கூடத்துக்குள் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருகிற வேலையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கணினி வருகிறது, டேப்லெட் வருகிறது, சுவரில் ஸ்மார்ட் போர்டு வருகிறது, செல்பேசியில் செயலி வருகிறது. ஒவ்வொன்றும் வரும்போது செய்தித்தாளில் ஒரு படமும் வருகிறது. அமைச்சர் ஒரு பக்கம், நிறுவனத்தின் தலைவர் ஒரு பக்கம், நடுவில் கோப்பு கைமாறுகிறது. கீழே, ‘புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது’ என்று ஒரு வரி.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தில் எழுவது ஒரே ஒரு கேள்வி. இந்த ஒப்பந்தம் என்றைக்காவது முடியும் அல்லவா? முடிந்த மறுநாள் அந்தப் பள்ளியில் என்ன மிஞ்சும்? இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் கை பட்டாலே கல்வி கெட்டுவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. தமிழ்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் அரசே கணினி செய்து கொடுக்க முடியுமா? முடியாது. வாங்கத்தான் வேண்டும். வாங்கினால் விற்பவர் ஒருவர் இருக்கத்தான் செய்வார்.

பிறர் உதவியோடு பள்ளியை வளர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1958-ஆம் ஆண்டு, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு கடம்பத்தூரில் நடந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. ஊர் மக்கள் நிலம் கொடுத்தார்கள். கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். பெஞ்சு, மேசை, கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை என்று கொண்டுவந்து குவித்தார்கள். கொடுத்தவர் மிராசுதாராக இருக்கலாம், வணிகராக இருக்கலாம், ஆலை முதலாளியாகவும் இருக்கலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: பெஞ்சு கொடுத்தவர், அந்தப் பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு எந்தப் பாடம் நடத்த வேண்டும் என்று கேட்டதில்லை. கொடுத்த மறுநாள் அந்தப் பெஞ்சு முழுக்க முழுக்கப் பள்ளியின் சொத்து. ஐம்பது ஆண்டு கழித்தும் அது பெஞ்சாகவே இருந்தது.

இன்றைக்கு வரும் பொருள் அப்படிப்பட்டதா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. டேப்லெட்டுக்கு உரிமம் உண்டு. உரிமத்துக்குக் கெடு உண்டு. செயலிக்குப் புதுப்பித்தல் உண்டு. பாடம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அதன் சாவி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பொருள் நம்முடையது போலத் தெரிகிறது, பாதி நம்முடையது அல்ல.

இதற்கு உலகமே கண்ட ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம். அதன் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்தான் அந்த நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம். அன்றைக்குச் சுமார் ஆறரை லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். 2013-இல் அந்த நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது: எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு ஐபேடு. கருவி ஆப்பிள் நிறுவனத்துடையது. அதற்குள் இருக்கும் பாடம் பியர்சன் நிறுவனத்துடையது. கருவிக்கும் இணைய வசதிக்குமாகத் திட்டத்தின் மொத்த மதிப்பு 130 கோடி டாலர். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கருவி. நோக்கத்தில் யார் குறை சொல்ல முடியும்?

பணம் எங்கிருந்து வந்தது? பள்ளிக் கட்டடங்களுக்காக மக்கள் வாக்களித்து அனுமதித்த கடன்பத்திரங்களிலிருந்து வந்தது. அந்தக் கடனை அடைக்க 25 ஆண்டுகள் வரை ஆகும். கருவியின் ஆயுளோ சில ஆண்டுகள். அதற்குள் இருக்கும் பாடத்துக்கான உரிமம் மூன்றே ஆண்டுகள். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளை பள்ளியை முடித்து, வேலைக்குப் போய், திருமணமாகி, அவளுடைய பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை அந்த ஊர் மக்கள் கடன் கட்டிக்கொண்டிருப்பார்கள். பாடம் என்றைக்கோ காலாவதியாகிப் போயிருக்கும்.

நடந்தது என்ன? கையெழுத்துப் போடும்போது அந்தப் பாடமே முழுமையாகத் தயாராகவில்லை. மாதிரிகளைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். கருவி கைக்கு வந்த சில நாட்களிலேயே சுமார் 300 மாணவர்கள் அதில் போட்டிருந்த தடைகளை நீக்கிவிட்டு ஃபேஸ்புக்கும் யூடியூபும் பார்க்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். வகுப்பில் அதை வைத்து என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்கே யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. அடுத்த ஆண்டு, ஒப்பந்தப்புள்ளி அறிவிக்கும் முன்பே நிர்வாகத் தலைவர் ஜான் டேசி அந்த இரு நிறுவனங்களின் அதிகாரிகளோடு நடத்திய மின்னஞ்சல் போக்குவரத்து வெளியே வந்தது. 2014 அக்டோபரில் அவர் பதவி விலகினார். டிசம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வந்து பெட்டி பெட்டியாக ஆவணங்களை எடுத்துப்போனது. முறைகேடு எதுவும் இல்லை என்று டேசி சொன்னார். கடைசியில் யார்மீதும் குற்றவழக்குத் தொடரப்படவில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒப்பந்தம் ரத்தானது. ஆசிரியர்கள் பெரும்பாலும் தொடாமலேயே விட்ட அந்தப் பாடத்துக்காக, 2015-இல், சுமார் 64 லட்சம் டாலரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அந்த நிர்வாகம் சமரசம் பேசி முடித்தது.

அந்த ஐபேடு நல்ல கருவிதான். திரை உடைந்ததாலோ பேட்டரி கெட்டதாலோ அந்தத் திட்டம் விழவில்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்துகிற ஆசிரியரைக் கேட்காமல் போட்ட திட்டம் அது. அதனால்தான் விழுந்தது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சரி, ஆந்திரத்துக்கு வருவோம். 2022 ஜூன் மாதம் ஆந்திர அரசு பைஜூஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. பாடம் இலவசம் என்றார்கள். அந்தப் பாடத்தைப் பார்ப்பதற்கான டேப்லெட்டுகளை அரசு வாங்கியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்குமாகச் சேர்த்து 5 லட்சத்து 18 ஆயிரம் டேப்லெட்டுகள், 686 கோடி ரூபாய். அந்த டிசம்பரில் கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டாண்டு கழியவில்லை, 2024 ஜூலையில் பைஜூஸ்மீது திவால் நடைமுறை தொடங்கியது. இந்தியாவிலேயே மிகப் பெரிய கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர் வாங்கியிருந்த நிறுவனம் அது. பாடத்திட்டம் மாறினால் அந்தக் காணொளிகளைத் திருத்துவது யார்? பிழை இருந்தால் சொல்வது யாரிடம்? இலவசமாகக் கிடைத்ததுதானே என்று விட்டுவிடலாமா? அதை நம்பி அரசு 686 கோடிக்குக் கருவி வாங்கியிருக்கிறதே!

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். இந்தியப் பள்ளிகளில் பல மாநிலங்கள் பின்பற்றிய முறை ஒன்று உண்டு. ‘பூட்’ முறை என்பார்கள். நிறுவனமே கணினி ஆய்வகத்தை அமைக்கும். நிறுவனமே சொந்தம் வைத்திருக்கும். நிறுவனமே ஆள் போட்டு நடத்தும். ஐந்தாண்டு கழித்துப் பள்ளியிடம் ஒப்படைக்கும். காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு அழகான ஏற்பாடு! அரசுக்குத் தலைவலி இல்லை. தலைமையாசிரியருக்குப் பொறுப்பு இல்லை. பழுதானால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

அப்படி ஒப்படைக்கப்பட்ட ஓர் ஆய்வகத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பத்துக் கணினிகள், ஒவ்வொன்றின் மேலும் பூப்போட்ட துணியுறை. உறையைத் துவைத்து மாட்டியிருந்தார்கள், அவ்வளவு அக்கறை. யூபிஎஸ் பேட்டரி உப்பிப் போயிருந்தது. இரண்டு கணினி உயிரோடு இருந்தன, பாஸ்வேர்டு கேட்டன. பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? நிறுவனம் போட்டிருந்த பயிற்றுநருக்குத்தான். அவர் ஒப்பந்தம் முடிந்த மாதமே கிளம்பிவிட்டார். அந்தத் தம்பியையும் குறை சொல்ல மாட்டேன். குறைந்த சம்பளத்தில், நிரந்தரம் இல்லாத வேலையில் ஐந்தாண்டு இருந்திருக்கிறார். கணித ஆசிரியை என்னிடம் சொன்னார்: “சார், அந்த ரூம் சாவி எங்க கையில இருந்ததே இல்ல. கம்ப்யூட்டர் பீரியடுன்னா எங்களுக்கு ஃப்ரீ பீரியடு. நாங்க உள்ள போய்ப் பார்த்ததில்ல.” ஸ்டாக் ரெஜிஸ்டரில் மட்டும் வரி சுத்தமாக இருந்தது: பத்துக் கணினிகள் நல்ல நிலையில் பெறப்பட்டன.

ஐந்து ஆண்டுகள்! ஐந்து ஆண்டுகளில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர்கூடக் கணினியைத் தன் பாடத்துக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளவில்லை என்றால், நாம் வாங்கியது என்ன? மத்திய அரசின் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஓர் ஆய்வகத்துக்கு முதலில் 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரை. பிறகு ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் வரை, ஐந்தாண்டுக்கு. ஆறாவது ஆண்டுக்கு? ஆறாவது ஆண்டும் ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் சேரத்தான் செய்கிறார்கள். ஒப்பந்தத்துக்குத்தான் ஐந்து வயது. பள்ளிக்கு வயது இல்லை.

வேறு வழி உண்டா? உண்டு. மலை தாண்டினால் கேரளம்.

2001-இல் அங்கே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் அங்கேயும் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ்தான் பாடமாக இருந்தது. அப்போது ஆசிரியர் சங்கம் எழுந்தது. யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளை வலியுறுத்தும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் எழுந்தார்கள். ஒரு நிறுவனத்தின் சரக்கை அரசுப் பாடமாக ஏன் நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். கேள்வி கேட்டதோடு நிற்காமல், தாங்களே உட்கார்ந்து கட்டற்ற இயங்குதளமான லினக்ஸைக் கற்றார்கள், தங்கள் பள்ளிக்கு ஏற்றபடி அதைத் தொகுத்தார்கள். படிப்படியாக மாறி, 2008 வாக்கில் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடந்தது. தேர்வு எழுதியவர்கள் லட்சக்கணக்கான பிள்ளைகள்.

அங்கே தனியார் இல்லையா? இருக்கிறார்கள். அந்தத் திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் வகுப்பறைகளாக மாற்றியது. மடிக்கணினியும் புரொஜெக்டரும் சந்தையில் வாங்கியவைதான். ஆனால் எப்படி வாங்கினார்கள்? ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு வாங்கினார்கள். பழுதானால் பள்ளியே நேரடியாகப் புகார் பதியலாம். கெடு தாண்டினால் அபராதம் என்று விலைப்புள்ளி கேட்கும்போதே எழுதிவைத்தார்கள். பயிற்சி கொடுப்பவர் யார்? பள்ளியிலிருந்தே அயல்பணியில் வந்த ஆசிரியர்கள். இன்றைக்கு ஒரு வேதியியல் ஆசிரியருக்குப் பாடம் சொல்லிக் காட்டுபவர், நேற்றுவரை வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர். கணினிப் பாடநூல் மலையாளத்தில் மட்டும் அல்ல, தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை வைத்துத்தான் படிக்கிறார்கள்.

கேரளத்தில் விற்பவர் விற்றார், வாங்கியவர் வாங்கினார். பாடமும் பயிற்சியும் மென்பொருளும் பள்ளிக் கல்வித்துறையின் கையிலேயே இருந்தன. நாளைக்கு எந்த நிறுவனம் கடையை மூடினாலும் அங்கே பாடம் நிற்காது. அது சும்மா வந்துவிடவில்லை. ஆசிரியர்கள் கேட்டார்கள், அதனால் வந்தது.

தமிழ்நாடு சும்மா இருந்ததா? இல்லை. நாம் கொடுத்தது கொஞ்சநஞ்சம் அல்ல என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். 2011 செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. நான் முன்னே சொன்ன கடம்பத்தூரும் அதே திருவள்ளூர்ப் பக்கம்தான். அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சம் வரை மடிக்கணினிகள் நம் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போயின. குடும்பத்தில் முதல் கணினி, தெருவிலேயே முதல் கணினி! வாங்கியது அரசின் எல்காட் நிறுவனம். தயாரித்தவை தனியார் நிறுவனங்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது, விண்டோஸும் இருந்தது. அந்தப் பாஸ் லினக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லி எத்தனை பிள்ளைகளுக்கு நாம் வகுப்பில் கற்றுக்கொடுத்தோம்? நம்முடைய சொந்தக் கருவி நம் பிள்ளையின் மடியிலேயே இருந்தது. அதற்கென ஆசிரியரைத் தயார்செய்யும் வேலையைத்தான் நாம் போதிய அளவு செய்யவில்லை. எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம் இது.

பிறகு 6,029 பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகங்கள் வந்தன. அடுத்து 8,209 ஆய்வகங்களுக்கும் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளுக்குமாக 1,076 கோடி ரூபாய் ஆணை, கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனத்துக்கே போனது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல்’ அறக்கட்டளை வழியாக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் முன்னாள் மாணவர்களின் நன்கொடையும் பள்ளிக்கு வருகின்றன. வரட்டும். வரவேற்போம். நம் கல்வித்துறை நல்லதும் செய்திருக்கிறது: ‘மணற்கேணி’ செயலியில் இருக்கும் காணொளிப் பாடங்கள் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வெளியிட்டவை. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் கற்பிக்கும் பைத்தான் மொழிக்கு யாரிடமும் உரிமம் வாங்கத் தேவையில்லை. இந்தத் திசையில்தான் நாம் இன்னும் போக வேண்டும்.

அன்பர்களே, இதுவரை பணத்தையும் பொருளையும் பேசினேன். இதைவிடக் கனமான ஒன்று பாக்கி இருக்கிறது. பிள்ளையைப் பற்றிய தகவல்! பெயர், பிறந்த தேதி, படிக்கும் பள்ளி, வாங்கிய மதிப்பெண், எங்கே தடுமாறினாள், எத்தனை மணிக்குப் படித்தாள். பழைய காலத்தில் இது மதிப்பெண் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பதிவேடு தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் இருந்தது. இன்றைக்கு எங்கே இருக்கிறது?

கொரோனா காலத்தில் 49 நாடுகளில் பயன்பட்ட 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்தது. 2022-இல் முடிவை வெளியிட்டது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது, பிள்ளைகளின் உரிமைக்கு ஆபத்தான வகையில் தகவலைக் கையாண்டன. தனியார் செயலி மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் பாடநூல்களின் க்யூஆர் கோடு வழியாக நாம் எல்லோரும் திறக்கும் மத்திய அரசின் ‘தீக்‌ஷா’வும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, தீக்‌ஷாவின் தகவல்கள் பாதுகாப்பில்லாத ஒரு சர்வரில் திறந்து கிடந்த செய்தி வந்தது. பத்து லட்சம் ஆசிரியர்கள், ஆறு லட்சம் மாணவர்கள்! அரசின் கையில் இருக்கிறது என்பதாலேயே நாம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2023-இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகவலைத் தனியாகக் காக்கச் சொல்கிறது. சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தங்களில் அது வரிவரியாக இறங்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த மறுநாள், நிறுவனத்தின் சர்வரிலிருந்து நம் பிள்ளையின் பெயர் அழிக்கப்படுமா என்பது அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் 24 பேர் இருக்கிறீர்கள். பெரும்பாலோர் பெற்றோர். கல்வி உரிமைச் சட்டம் உங்களுக்குக் கொடுத்த நாற்காலி அது. அடுத்த கூட்டத்தில் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, பாஸ்வேர்டு எந்த நோட்டில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். உத்தரவாதம் எந்தத் தேதியில் முடிகிறது? பழுதானால் எந்த எண்ணை அழைக்க வேண்டும்? நம் பள்ளி ஆசிரியர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி கிடைத்தது? பிள்ளைகளின் தகவல் எங்கே போகிறது? கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, கணினி அறை உங்கள் அறை. ஒப்பந்தப் பயிற்றுநர் இருக்கும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஊதியத்துக்குப் பக்கத்திலேயே பயிற்சியையும் எழுதுங்கள்.

பள்ளியில் பதில் கிடைக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஸ்பீடு போஸ்ட். 30 நாளுக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும்.